மூணு லேப்டாப், ஒரே கணக்கு: பாட்டு ரிப்போர்ட்டுக்குத் தனி டேட்டாபேஸா, பொது டேட்டாபேஸா?

"ஏனுங்க, மூணு லேப்டாப்புலயும் ஓடுன பாட்டை ஒரே ரிப்போர்ட்டா எடுக்க முடியாதுங்களா?"

கோபி, பெருந்துறை, பொள்ளாச்சிப் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர்கள், இரண்டு மூன்று ஹால் உள்ள மண்டபக்காரர்கள், கிளைகளில் டிவி பாக்ஸ் வைத்துப் பாட்டு ஓடவிடும் பேக்கரிகள், வளாக வானொலி நடத்தும் கல்லூரிகள் என்று பலருக்கும் இருக்கிற கேள்வி இது. முடியும். ஆனால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது. தவறான வழியில் போனால் ரிப்போர்ட் வருவதற்குள் முகூர்த்த நேரத்தில் பாட்டே நின்றுவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிளேயர் வைத்திருக்கும் டேட்டாபேஸ் என்பது ஒரு குறிப்பேடு. பாட்டின் பெயர், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனை முறை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது, இவ்வளவுதான் அதில் இருக்கும். பாட்டு அதற்குள் இல்லை. பொது டேட்டாபேஸ் போட்டால் பாட்டும் எல்லா மெஷினுக்கும் வந்துவிடும் என்று நினைத்து வேலையில் இறங்குபவர்கள் அதிகம். 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி பிடிக்கும். நாலரை நிமிடப் பாட்டு 10,000 இருந்தால் ஏறக்குறைய 108 ஜிபி. அந்த 108 ஜிபியை ஒவ்வொரு மெஷினிலும் வைப்பதா, ஒரே இடத்தில் வைத்து நெட்வொர்க்கில் எடுப்பதா என்பது தனி முடிவு. குறிப்பேட்டைப் பொதுவாக்குவது அந்தக் கேள்வியைத் தீர்க்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

ரிப்போர்ட் எதற்கு? எந்தப் பாட்டு ஓடுகிறது, எதைத் தூக்கிவிடலாம் என்று உங்களுக்கே தெரிய வேண்டுமென்றால் வெறும் எண்ணிக்கை போதும். எந்த ஹாலில், எந்த மெஷினில் ஓடியது என்று வேண்டுமென்றால் மெஷின் பெயரும் கூடவே பதிவாக வேண்டும். உரிமத் தொகைக் கணக்குக்கு என்றால் ஒவ்வொரு முறை ஓடியதும் தேதி, நேரத்தோடு தனி வரியாக வேண்டும். ஒலிபரப்பாளர்களுக்கு இது சட்டத்திலேயே இருக்கிறது: 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 31டி பிரிவின்படி சட்டப்பூர்வ உரிமம் எடுப்பவர் பதிவேடு வைத்து உரிமையாளருக்குக் கணக்குத் தர வேண்டும். கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய விருந்து நிகழ்ச்சிகளும் 52ஆம் பிரிவின் விளக்கத்தில் விலக்குப் பெற்றவை. கடையில் நாள் முழுக்க ஓடும் பாட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

ஓடும்போது மெஷின் எங்கே இருக்கிறது? மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை 15 நாள் ஒரு லேப்டாப் கோயில் திண்ணையிலேயே கிடக்கும். அங்கே நெட்வொர்க் என்று எதுவும் இருக்காது. மண்டபத்து ஹாலில் இருக்கும் மெஷின் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது. இரண்டுக்கும் ஒரே விடை இருக்க முடியாது.

எந்த பிளேயர்? பல பேர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டிஜேக்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளான மிக்ஸ் (ஆங்கிலத்தில் கடைசியில் மூன்று எக்ஸ் வரும்) தன்னுடைய எஸ்கியூலைட் கோப்பில் (அந்த மெஷினிலேயே ஒரே கோப்பாக இருக்கும் டேட்டாபேஸ்) மட்டுமே எழுதும், பொது சர்வரோடு பேசாது. வானொலிக்கான ரேடியோடிஜே தொடக்கத்திலிருந்தே மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி சர்வரைக் (பல மெஷின்கள் நெட்வொர்க் வழியாக எட்டும் டேட்டாபேஸ் மென்பொருள்) கேட்கும். அந்த சர்வர் அதே கம்ப்யூட்டரில் இருக்கலாம், பக்கத்து அறையிலும் இருக்கலாம். டிவி பாக்ஸில் ஓடும் கோடி பிளேயர்தான் இரண்டு பக்கமும் போகும். சாதாரணமாக எஸ்கியூலைட், ஒரு கோப்பில் நாலு வரி எழுதினால் பொது சர்வர். ஆகவே 'மாறுவதா வேண்டாமா' என்ற கேள்வி உண்மையில் கோடி வைத்திருப்பவர்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? சர்வர் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு பேக்கப், பாஸ்வேர்டு, அப்டேட் எல்லாம் வரும். கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் தீபாவளியோடு வேலையை விட்டுப் போனால் அடுத்த நாள் யார் பார்ப்பது என்று இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

## தனி டேட்டாபேஸ்: அந்தந்த மெஷினில் அதன் கணக்கு

இதன் பலம் எளிமை. நெட்வொர்க், ரௌட்டர், சர்வர் எதையும் நம்பி இல்லை. லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை பாட்டும் ஓடும், கணக்கும் எழுதப்படும். எந்த மெஷினில் ஓடியது என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியதே இல்லை, கோப்பு எந்த மெஷினில் இருக்கிறதோ அதுதான் பதில்.

பேக்கப்பும் ஒரே கோப்பு. மிக்ஸில் அது 'மிக்ஸ்டிபி.எஸ்கியூலைட்' என்ற பெயரில் விண்டோஸ் பயனர் கணக்கின் ஆப்டேட்டா, லோக்கல் ஃபோல்டருக்குள் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்ய வேண்டும். கோடியில் 'யூசர்டேட்டா' ஃபோல்டருக்குள் 'டேட்டாபேஸ்' என்ற ஃபோல்டர், அதில் 'மைமியூசிக்' என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் கோப்பு. பிளேயரை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்தால் பக்கத்தில் 'ஜர்னல்' அல்லது 'வால்' என்று முடியும் துணைக் கோப்பில் பாதி எழுத்து கிடக்கும். முக்கியக் கோப்பை மட்டும் எடுத்துப் போனால் கடைசியாக ஓடிய பாட்டுகள் காணாமல் போகும், கோப்பே கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

மறைந்த செலவு நேரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு லேப்டாப்பும் தன் கடிகாரத்தைத்தான் நம்பும். போர்டில் உள்ள பேட்டரி செத்துவிட்டால் (டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட்) கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இன்டர்நெட் இருந்தால் தானாகச் சரிசெய்துகொள்ளும். கோயில் திண்ணையில் இன்டர்நெட் ஏது? பண்டிகை 15 நாள் கணக்கும் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரியில் போய் உட்கார்ந்திருக்கும். வண்டியில் ஏற்றுமுன் கடிகாரத்தைப் பார்ப்பது பத்து விநாடி வேலை.

இன்னொன்று, ஒரு மெஷினின் ஹார்ட்டிஸ்க் போனால் அதன் கணக்கு முழுவதும் போகும். நிகழ்ச்சி முடிந்து கடைக்கு வந்ததும் காப்பி எடுக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

## பொது டேட்டாபேஸ்: எல்லா மெஷினும் ஒரே கணக்கில்

ஒரு பழைய டெஸ்க்டாப் அல்லது ராஸ்பெரி பையில் மரியாடிபி போட்டு, எல்லாக் கோடி பாக்ஸும் அதிலேயே படித்து அதிலேயே எழுதுவது. புதுப் பாட்டு ஏற்றினால் ஒரு இடத்தில் ஸ்கேன் செய்தால் போதும், மற்ற ஹால்களில் தானாகத் தெரியும். ரிப்போர்ட் ஒரே இடத்தில் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. கோடி ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை முறை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது என்று இரண்டே விவரத்தை வைக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் தனி வரி கிடையாது. மூன்று ஹாலும் ஒரே கணக்கில் எழுதினால், ஏசி ஹாலில் ஓடியதா டைனிங் ஹாலில் ஓடியதா என்பது அழிந்துபோகும். தனியாக இருந்தபோது சும்மா கிடைத்த தகவல், பொதுவாக்கியதும் போய்விடுகிறது. ஒருங்கிணைந்த ரிப்போர்ட் என்று ஆசைப்பட்டு மாறியவர்களுக்குக் கடைசியில் கையில் இருப்பது முன்பைவிடக் குறைவான விவரம்தான்.

இரண்டாவது, கோடி ஒரு பாட்டை 'ஓடியது' என்று கணக்கில் சேர்க்க அது 90 சதவீதம் ஓடியிருக்க வேண்டும். மண்டபத்தில் எந்தப் பாட்டு முழுதாக ஓடுகிறது? மாப்பிள்ளை மேடையேறினால் பாதியில் இறக்குகிறோம். அவை எதுவும் கணக்கில் வராது. இந்த 90ஐக் குறைக்கலாம். 'அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் ஆடியோ பகுதியில் 'பிளேகவுன்ட்மினிமம்பர்சென்ட்' என்று ஒரு வரி, அதில் 30 என்று எழுதினால் 30 சதவீதம் ஓடினாலே கணக்காகும். பொது சர்வர் விவரம் எழுதுவதும் இதே கோப்பில்தான். இதனால் வரும் வம்பைக் கீழே மாறும் பகுதியில் பார்க்கலாம்.

மூன்றாவது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் நிற்கும், ஜெனரேட்டர் எடுக்கும், சாயங்காலம் திரும்ப மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் டிவி பாக்ஸ் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் எழுந்து மரியாடிபி கிளம்ப அதைவிட நேரமாகும். கோடி திறக்கும்போது சர்வர் கிடைக்காவிட்டால் தானாகத் தனி டேட்டாபேஸுக்குத் திரும்பாது. லைப்ரரி காலியாகத் தெரியும். ஆள் பதறிப்போய் 'பாட்டெல்லாம் அழிஞ்சு போச்சுங்க' என்று போன் போடுவார். அழியவில்லை. கோடியை மூடித் திறந்தால் வரும், அவசரமென்றால் 'ஃபைல்ஸ்' பக்கம் போய் ஃபோல்டரிலிருந்தே ஓட்டலாம். ஆனால் வாசலில் பெண் வீட்டார் நிற்கும்போது இதையெல்லாம் நிதானமாகச் செய்ய யாருக்கு மனம் வரும்? சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் போட்டுவிட்டு ரௌட்டரையும் சுவிட்சையும் விட்டுவிடுவது வழக்கமான தவறு. மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

வைஃபை பற்றியும் ஒரு வார்த்தை. 500 பேர் போனோடு வந்து உட்காரும் ஹாலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை நம்பிப் பாட்டு ஓட்டுவது சூதாட்டம். மண்டபத்துக்குள் கேட்6 கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும்.

கிளைகளை இணைக்க நினைக்கும் பேக்கரிக்காரர்களுக்கு: திருப்பூர்க் கிளையிலிருந்து அவினாசிக் கடை சர்வரை எட்டுவதற்காக ரௌட்டரில் 3306 போர்ட்டை (டேட்டாபேஸ் சர்வருக்குள் போகும் வாசல்) இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த டேட்டாபேஸ் போர்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இணையத்தில் எப்போதும் சுற்றுகின்றன. வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் போடும் தனிப் பாதை) வழியாக மட்டும் போகலாம். அதைவிட, கிளைக்குக் கிளை தனியாக விட்டுவிடுவதே மேல்.

ரேடியோடிஜே வைத்திருக்கும் வளாக வானொலிக்கு நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு முறை ஓடியதும் வரலாற்று அட்டவணையில் தேதி நேரத்தோடு தனி வரியாக விழுகிறது. ஸ்டுடியோவில் ஒலிபரப்பும் மெஷினும், பக்கத்து அறையில் நிகழ்ச்சி தயாரிக்கும் மெஷினும் ஒரே சர்வரைப் பார்ப்பதுதான் சரியான ஏற்பாடு. பார்த்துக்கொள்ள வேண்டியது பாதை. பாட்டின் முழுப் பாதையும் டேட்டாபேஸில் பதிவாவதால், ஒரு மெஷினில் டி டிரைவாகவும் இன்னொன்றில் இ டிரைவாகவும் இருந்தால் இரண்டாவது மெஷினில் எந்தப் பாட்டும் திறக்காது. எல்லா மெஷினிலும் ஒரே டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். மரியாடிபியை ஒலிபரப்பு மெஷினிலேயே வைப்பது என் பரிந்துரை. நெட்வொர்க் கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் ஒலிபரப்பு தன் டேட்டாபேஸோடு 127.0.0.1 என்ற சொந்த முகவரியில் பேசிக்கொண்டிருக்கும், பக்கத்து அறைதான் காத்திருக்க வேண்டும்.

## வழி போலத் தெரியும் பள்ளம்

எஸ்கியூலைட் கோப்பையே பொது ஃபோல்டரில் வைத்து மூன்று லேப்டாப்பையும் அதைத் திறக்கச் சொன்னால் என்ன? செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே சமயம் எழுதாமல் தடுக்க எஸ்கியூலைட் நம்பியிருப்பது கோப்புப் பூட்டை. நெட்வொர்க் ஃபோல்டர்களில் அந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. எஸ்கியூலைட் ஆவணங்களே இதை எச்சரிக்கின்றன. கொஞ்ச நாள் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வரும், பிறகு ஒருநாள் 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்று வரும். பின்னது வந்தால் அந்தக் கோப்பின் கதை பெரும்பாலும் முடிந்தது.

கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டருக்குள் வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இரண்டு மெஷினில் இரண்டு விதமாக மாறிய கோப்பை அவை சேர்த்துத் தராது. ஒன்றை முரண்பட்ட நகல் என்று ஒதுக்கிவைக்கும், அல்லது ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதிவிடும்.

## நடுவழி: ஓட்டுவது தனி, கணக்குப் பார்ப்பது பொது

வெளியூர் நிகழ்ச்சிக்குப் போகும் மைக் செட்காரர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். பாட்டு ஓடும் இடமும் ரிப்போர்ட் எடுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு லேப்டாப்பும் தன் கணக்கை எழுதட்டும். கடைக்கு வந்ததும் நகலை எடுத்து ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மிக்ஸுக்கு இது நன்றாகப் பொருந்தும். அதன் இடப்பக்கப் பட்டியலில் 'ஹிஸ்டரி' என்று இருக்கும், திறக்கும் ஒவ்வொரு முறைக்கும் அன்றைய தேதியில் ஒரு பட்டியல் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நிகழ்ச்சி மட்டும் வேண்டுமென்றால் அந்தத் தேதியில் வலது கிளிக் செய்து சிஎஸ்வியாக (எக்ஸலில் திறக்கும் பட்டியல் கோப்பு) ஏற்றுமதி செய்தால் போதும். அதை எக்ஸலில் நேராக இரட்டைக் கிளிக் செய்தால் தமிழ்ப் பெயர்கள் கோழி கிளறினாற்போல் வரும். 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகப் போய் 65001 யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரெஆபீஸ் கால்க் திறக்கும்போதே கேட்டுவிடும்.

சீசன் முழுவதுக்கும், எல்லா லேப்டாப்புக்கும் சேர்த்து வேண்டுமென்றால் கோப்புகளையே சேர்க்க வேண்டும்:

1. ஒவ்வொரு லேப்டாப்பிலும் பிளேயரை மூடி, டேட்டாபேஸ் கோப்பைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். பெயரில் லேப்டாப் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.
2. கடைக் கம்ப்யூட்டரில் 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருளில் முதல் கோப்பைத் திறந்து, மற்றவற்றை 'அட்டாச் டேட்டாபேஸ்' மூலம் இணையுங்கள். சாதாரண அமைப்பில் 10 கோப்புவரை இணைக்கலாம்.
3. 'பிளேலிஸ்ட்ஸ்' அட்டவணையில் 'ஹிடன்' பத்தி 2 என்று உள்ள வரிகள்தான் ஹிஸ்டரி பட்டியல்கள். அவற்றை 'பிளேலிஸ்ட்ட்ராக்ஸ்', 'லைப்ரரி', கோப்புப் பெயர் இருக்கும் 'ட்ராக்_லொகேஷன்ஸ்' மூன்றோடும் இணைத்து, லேப்டாப் பெயரை ஒரு பத்தியாகச் சேர்த்து, எல்லாவற்றையும் 'யூனியன் ஆல்' போட்டு அடுக்குங்கள். ஒருமுறை எழுதிய வினவலை (டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்கியூஎல் கட்டளை) டெக்ஸ்ட் கோப்பாக வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் ஒட்டினால் போதும்.

இங்கே தவறு நடக்கும் இடங்கள் நான்கு.

நேரம். எஸ்கியூலைட் தானாகப் பதியும் நேரம் உலகப் பொது நேரம், இந்திய நேரம் அல்ல. மாலை 6.30 மணிக்கு வரவேற்பில் ஓடிய பாட்டு கோப்பில் 13.00 என்று இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டாமல் ரிப்போர்ட் கொடுத்தால் அதிகாலை முகூர்த்தத்துக்கு ஓடிய பாட்டெல்லாம் முந்தின நாள் இரவு ஓடியதாகக் காட்டும்.

பாட்டு எண். லேப்டாப் 1இல் 215 என்ற எண்ணில் இருக்கும் பாட்டும் லேப்டாப் 2இல் 215இல் இருப்பதும் வேறு வேறு பாட்டு. எண்ணை வைத்துச் சேர்த்தால் ரிப்போர்ட் பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே முழுக்கத் தப்பாக இருக்கும். கோப்புப் பெயரை வைத்துச் சேருங்கள். அதற்கு ஒரே மூல ஹார்ட்டிஸ்கிலிருந்து எல்லா லேப்டாப்புக்கும் பாட்டை ஏற்றியிருக்க வேண்டும்.

நகலெடுத்த டேட்டாபேஸ். புது லேப்டாப் வாங்கினால் பாட்டுகளைத் திரும்ப அலசவிடும் நேரத்தை மிச்சம்பிடிக்க, பழைய லேப்டாப்பின் டேட்டாபேஸையே புதியதில் போடுவது வழக்கம். அதோடு பழைய ஹிஸ்டரியும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்தால் அதுவரை ஓடியதெல்லாம் இரட்டிப்பாகும். நகலெடுத்த தேதியைக் குறித்துவைத்து, புது லேப்டாப்பிலிருந்து அதற்குப் பிந்திய வரிகளை மட்டும் எடுங்கள்.

தமிழ் எழுத்து. இது கண்ணுக்குத் தெரியாத வில்லங்கம். 'கொங்கு' என்ற சொல்லின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எஸ்கியூலைட் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதால் அதற்கு அவை இரண்டு சொல். ஒரே பாட்டு ரிப்போர்ட்டில் இரண்டு வரியாக, ஒன்றில் 14 முறை, மற்றதில் 9 முறை என்று வந்து நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒ, ஓ, ஔ குறி வரும் பெயர்களில்தான் இது நடக்கும். சேர்த்த கணக்கை மரியாடிபியில் நீங்களே அட்டவணை உருவாக்கி வைப்பதானால் எழுத்து முறையை யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். தமிழுக்கு இடமில்லாத லேட்டின்1இல் உருவான அட்டவணையில் தமிழ் கேள்விக்குறிகளாகப் பதிந்துவிட்டால் அதிலிருந்து திரும்பப் பெற வழியில்லை.

இந்த வழியின் குறை, ரிப்போர்ட் உடனுக்குடன் வராது. கோயில் பண்டிகைக்குப் போன லேப்டாப் திரும்பும்வரை அதன் கணக்கு தெரியாது. மைக் செட் தொழிலில் அன்றன்றைக்கே ரிப்போர்ட் கேட்பவர் யார் என்று நினைத்துப் பார்த்தால் இது பெரிய குறையாகத் தோன்றாது.

## கோடியில் தனியிலிருந்து பொதுவுக்கு, பொதுவிலிருந்து தனிக்கு

மாற்றம் சின்னது, பின்விளைவு பெரியது. ஒரு பாட்டு தனிக் கணக்கில் 40 முறை ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொதுவுக்கு மாறுகிறீர்கள். அங்கே அது 0இல் தொடங்கி 12 ஆகிறது. ஏதோ தொல்லை என்று தனிக்குத் திரும்புகிறீர்கள். திரையில் மறுபடி 40. அடுத்த முறை ஓடினால் 41. அந்த 12 சர்வரில் தூங்குகிறது. எந்த இடத்திலும் பிழைச் செய்தி வராது, எல்லாம் சரியாக நடப்பதுபோலவே இருக்கும். இரண்டு நோட்டில் மாறி மாறி எழுதினால் எந்த நோட்டைத் திறக்கிறோமோ அதில் உள்ளதுதான் தெரியும்.

அதனால் மாறுவதற்கு முன் பழைய ரிப்போர்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். 'மைமியூசிக்' கோப்பின் நகலை டிபி பிரவுசரில் திறந்து, 'சாங்' அட்டவணையில் 'ஐடைம்ஸ்பிளேய்டு' 0க்கு மேல் உள்ள வரிகளை சிஎஸ்வியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு:

எல்லா பாக்ஸிலும் கோடி ஒரே பதிப்பா என்று பாருங்கள். 19, 20 பதிப்புகளில் இசை டேட்டாபேஸ் எண் 82, 21இல் 83. ஒரு பாக்ஸ் மட்டும் 21க்குப் போனால் அது 82ஐ நகலெடுத்து 83 என்று புதிதாகத் தொடங்கும், மற்றவை 82லேயே எழுதிக்கொண்டிருக்கும். கணக்கு அன்றிலிருந்து இரண்டாகப் பிரியும். பிளே ஸ்டோரில் கோடிக்குத் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவையுங்கள்.

சர்வரின் ஐபி முகவரி மாறாதபடி ரௌட்டரில் ஒதுக்குங்கள், 192.168.1.10 என்பதுபோல. மரியாடிபியின் 'பைண்ட்-அட்ரஸ்' 127.0.0.1 என்று இருந்தால் வெளி மெஷின்கள் எட்ட முடியாது, 0.0.0.0 ஆக்குங்கள். ஃபயர்வாலில் 3306ஐ உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். கோடி தன் டேட்டாபேஸைத் தானே உருவாக்கும் என்பதால் அந்தப் பயனருக்கு உருவாக்கும் உரிமையும் வேண்டும்.

பாட்டு ஃபோல்டரை எல்லா பாக்ஸிலும் ஒரே நெட்வொர்க் பாதையில் சேருங்கள். ஒன்றில் ஐபி முகவரி, இன்னொன்றில் கம்ப்யூட்டர் பெயர் என்று கொடுத்தால் கோடிக்கு அவை இரண்டு இடம். ஒவ்வொரு பாட்டும் இரண்டிரண்டாக வரும், எண்ணிக்கையும் பங்கு பிரியும்.

சர்வர் விவரத்தை அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் கோப்பில் 'மியூசிக்டேட்டாபேஸ்' பகுதியில் எழுதி 'யூசர்டேட்டா' ஃபோல்டரில் வையுங்கள். நோட்பேடில் சேமித்தால் விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசியில் சத்தமில்லாமல் '.டிஎக்ஸ்டி' என்று ஒட்டிவிடும். கோடி அந்தக் கோப்பைப் பார்க்கவே பார்க்காது, நீங்கள் மணிக்கணக்கில் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்து பார்த்துவிட்டு மற்றதைச் சந்தேகப்படுங்கள்.

ஒரே ஒரு பாக்ஸில் மட்டும் முதலில் போட்டு முழு ஸ்கேன் முடியட்டும். பிறகு இரண்டாவதில் கோப்பைப் போட்டால் ஸ்கேன் இல்லாமலே பாட்டுகள் வந்து நிற்கும். இரண்டாவதில் ஒரு பாட்டை முழுதாக ஓடவிட்டு, முதலாவதில் எண்ணிக்கை ஏறியதா என்று பாருங்கள். ஏறினால் மூன்றாவதற்குப் போகலாம்.

திரும்பித் தனிக்கு வர அந்தக் கோப்பின் பெயரை மாற்றிக் கோடியை மூடித் திறந்தால் போதும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். முன்பு சொன்ன வம்பு இங்கேதான். கோப்பு முழுவதும் ஒதுங்குவதால் அதில் எழுதிய 30 சதவீத வரியும் ஒதுங்கிவிடும், கோடி மறுபடி 90க்குப் போகும். பாதியில் நிறுத்திய பாட்டெல்லாம் திடீரென்று கணக்கிலிருந்து மறையும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிட முடியாது. ஆகவே இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் சர்வர் பகுதியும் ஆடியோ பகுதியும், இன்னொன்றில் ஆடியோ பகுதி மட்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| | தனி | பொது சர்வர் | ஓட்டுவது தனி, சேர்ப்பது கடையில் |
|---|---|---|---|
| நெட்வொர்க் இல்லாத இடம் | ஓடும் | ஓடாது | ஓடும் |
| எந்த மெஷினில் ஓடியது | தெரியும் | கோடியில் தெரியாது | தெரியும் |
| எல்லா மெஷினுக்கும் ஒரே ரிப்போர்ட் | இல்லை | உடனே | நகல் சேர்த்த பிறகு |
| புதுப் பாட்டு ஏற்றுவது | ஒவ்வொன்றிலும் | ஒரே முறை | ஒவ்வொன்றிலும் |
| கரண்ட் போய் வந்தால் | கவலை இல்லை | சர்வர் முதலில் எழ வேண்டும் | கவலை இல்லை |
| கூடுதல் செலவு | பென்டிரைவ் | சர்வர், யுபிஎஸ், கேபிள் | பென்டிரைவ், மாதம் ஒருமுறை உட்காரும் நேரம் |
| பேக்கப் | கோப்பு நகல் | இரவு டம்ப் (முழு டேட்டாபேஸின் நகல்), எடுத்ததைத் திறந்து பார்க்கும் பழக்கம் | நகலே பேக்கப் |

ஒரே கட்டடம், நாலைந்து பாக்ஸ், மாறாத பாட்டுத் தொகுப்பு, கேபிள் இழுத்த நெட்வொர்க், வெறும் எண்ணிக்கை போதும் என்றால் பொது சர்வர். வளாக வானொலிக்கும் அதுவே. ஒரே லேப்டாப் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், தனியாகவே இருக்கட்டும். வெளியூர் போகும் லேப்டாப்புகள் இரண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்றாவது வழி.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் மார்கழியில் மாற்றுங்கள். முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி, ஒரு வாரம் சோதித்துப் பார்க்க நேரம் கிடைக்கும். மைக் செட்காரர்களுக்கு மட்டும் அப்போதும் ஒரு லேப்டாப் ஏதாவது கோயிலில் விடியற்காலைப் பாட்டுக்குப் போயிருக்கும். அதைப் பாதி மாதத்தில் வரவழைத்துக் கைவைக்க வேண்டாம். தை பிறந்து கடைக்கு வந்ததும் கடிகாரத்தைச் சரிபார்த்து, அதன் நகலையும் எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.